எடை குறைந்தது, எது குறைந்தது?

(நம் கிளப் ஹவுஸில் ஜூலை மாத மூத்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன். பேச்சில் விட்டுப்போன அளவுகளையும் சேர்த்திருக்கிறேன்.)



செகரட்டரி சார் என்னைப் பேசச் சொன்னபோது, "நான் டாக்டர் இல்லீங்களே. பி.காம். படிச்சுட்டு 38 வருஷம் பேங்க்ல கிளார்க்கா இருந்தவன். உடம்பைப் பத்தி நான் என்ன பேசறதுங்க?" என்று கேட்டேன். "உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுங்க, போதும்" என்றார். ஆகவே வைத்தியம் சொல்ல நான் வரவில்லை. என் வீட்டில் நான் செய்த ஒரு கணக்குப் பிழையைச் சொல்ல வந்திருக்கிறேன். அதே பிழை உங்கள் வீட்டிலும் இப்போது நடந்துகொண்டிருக்கலாம்.

போன வருடம் பொங்கல் கழிந்த சமயம். என் வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் வலி. வயது 63, எடை 71 கிலோ. எடையைக் குறைத்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும் என்று சொன்னார்கள். அது சரியான யோசனைதான். அதை நடத்திக் காட்டும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

காலையில் மூன்று இட்லி, சட்னி. மதியம் ஒரு கிண்ணம் சோறு, ரசம், ஒரு காய், கொஞ்சம் மோர். சாயங்காலம் சர்க்கரை இல்லாத டீ. ராத்திரிக்கு நாலு துண்டு பப்பாளி. பருப்பு வாயு என்று நிறுத்தினேன். பால் கொழுப்பு என்று நிறுத்தினேன். முட்டையும் போயிற்று. ஞாயிறுதோறும் காலையில் எடை பார்த்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். எட்டு மாதத்தில் 71 கிலோ 63 ஆனது. நடைபாதையில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். உங்களில் பல பேர் அவரைப் பாராட்டினீர்கள். இரண்டு வீட்டு அம்மணிகள் அதே சாப்பாட்டு அட்டவணையை எழுதி வாங்கிப் போனார்கள். அவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அந்த எட்டு மாதத்தில் வேறு சிலதும் நடந்தன. ஊறுகாய் பாட்டில் மூடியை அவரால் திறக்க முடியவில்லை. "ஏனுங்க, இந்தக் குக்கரைக் கொஞ்சம் இறக்கி வெச்சுட்டுப் போங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார். சோபாவிலிருந்து எழும்போது கையை ஊன்றினார். உக்கடத்தில் டவுன் பஸ் ஏறும்போது படியில் காலை வைத்துவிட்டு அப்படியே நின்றார். பின்னால் இருந்த காலேஜ் பெண் ஒன்று கை கொடுத்து ஏற்றிவிட்டது. இதையெல்லாம் நான் பார்த்தேன். வயசாகுது என்று விட்டுவிட்டேன். என் நோட்டில் இதற்கெல்லாம் பத்தி இல்லை. எடைக்கு மட்டும்தான் பத்தி.

அக்டோபரில் ஒரு நாள் லிஃப்ட் சர்வீஸில் இருந்தது. இரண்டாவது மாடியிலிருந்து படியில் இறங்கினோம். நம் பி பிளாக் படிக்கட்டுத் திருப்பத்தில் மூன்று படிக்குக் கைப்பிடிக் கம்பி இல்லை, உங்களுக்குத் தெரியும். அங்கே செருப்பு தடுக்கி விழுந்தார். கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் பிரித்த அன்று எலும்பு டாக்டரிடம் கம்பி இல்லாததைச் சொல்லிப் புலம்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தடுக்கறது எல்லாருக்கும் தடுக்குமுங்க. தடுக்கினா அடுத்த கால் சட்டுனு ஒரு எட்டு வெச்சு உடம்பைத் தாங்கிடும். அம்மாவோட கால் அந்த எட்டை வெக்கலை." பிறகு கை இல்லாத ஒரு நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார். 19 விநாடி ஆயிற்று. நான் என் நோட்டை எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எட்டு கிலோ குறைஞ்சிருக்கு, சரிங்க. அதுல கொழுப்பு எத்தனை கிலோ, சதை எத்தனை கிலோ?"

38 வருடம் டேலி பார்த்தவன் நான். எட்டு லட்சம் வெளியே போயிருந்தால் எந்தக் கணக்கிலிருந்து போனது என்று கேட்காமல் லெட்ஜரை மூடியிருக்க மாட்டேன். எட்டு கிலோவுக்குக் கேட்கவில்லை.

"நீங்களும் ஒருக்கா எந்திரிச்சு உக்காருங்க" என்றார். எனக்கு 14 விநாடி. எனக்கு வயது 67. ரிட்டையர் ஆன நாளிலிருந்து எடை 68 கிலோதான், மாறவே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். ஆனால் பேண்ட் இடுப்பு மட்டும் 34லிருந்து 37க்குப் போயிருந்தது. பேங்க்காரர்களுக்கு இது புரியும். இதற்குப் பெயர் கான்ட்ரா என்ட்ரி. ஒரு கணக்கிலிருந்து சதை போயிருக்கிறது, இன்னொரு கணக்கில் கொழுப்பு வந்திருக்கிறது, கூட்டுத்தொகை மட்டும் அப்படியே நிற்கிறது.

அன்றிலிருந்துதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் எடைமேடையில் ஏறுவதைப் பார்க்காதவர்கள் கிடையாது. மேடை காட்டுவது மொத்த எடை. லாரியின் காலி எடையைக் கழித்தால்தான் சரக்கு எவ்வளவு என்று தெரியும். உள்ளே கல்லா, சிமெண்டா என்று மேடைக்குத் தெரியாது. நம் வீட்டு எடை மிஷினும் அப்படித்தான். எலும்பு, சதை, கொழுப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண் காட்டும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இப்போது எல்லோரும் பேசும் பாடி காம்போசிஷன்.

அப்புறம் பி.எம்.ஐ. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. இந்தக் கணக்கைப் போட்டவர் டாக்டர் அல்ல. 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற வானியல், புள்ளியியல் அறிஞர், சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தபோது போட்டது. அதற்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்துப் பரப்பியவர் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ், 1972ல். ஊர் மொத்தத்துக்கும் கணக்கெடுக்க அது நல்ல கருவி. தனி ஒரு ஆளுக்கு, அதுவும் வயதானவருக்கு, அது பாதி உண்மைதான் சொல்லும். வயதானால் உயரமும் குறையும். வேலையில் சேர்ந்தபோது என் உயரம் 167 செ.மீ. இப்போது 164. எடை 68ஆகவே இருந்தும், உயரம் குறைந்ததாலேயே என் பி.எம்.ஐ. 24.4லிருந்து 25.3க்கு ஏறிவிட்டது.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. புனே கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. புள்ளிகூட மாறவில்லை. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் முக்கிய உடற்பயிற்சி, காலையில் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பது என்று அவர்களே வேடிக்கையாக எழுதியிருந்தார்கள். நம் ஏ பிளாக் லிஃப்ட் வாசலில் தினமும் நான் பார்ப்பதும் அதுதான்.

நம்மவர்களுக்கு ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றைச் சுற்றி. அதனால்தான் 2009ல் இந்திய மருத்துவ நிபுணர்கள் கூடி, மற்ற நாட்டாருக்கு 25 என்றால் நமக்கு 23லேயே அதிக எடை, 25லேயே உடல் பருமன் என்று எல்லையை இறக்கினார்கள். சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2023ல் வெளியானது. பி.எம்.ஐ. கணக்கில் உடல் பருமன் 28.6 சதவீதம். வயிற்றுச் சுற்றளவுக் கணக்கில் 39.5 சதவீதம். எடை மிஷின் கண்ணில் படாத எத்தனை தொப்பைகள் டேப்பில் மாட்டுகின்றன பாருங்கள்.

இது கொழுப்புப் பக்கம். வயதானவர்களுக்கு அதைவிட முக்கியமானது சதைப் பக்கம். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறையும், அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. தசை குறைவதைவிட வேகமாக அதன் பலம் குறையும். இந்த நிலைக்கு மருத்துவத்தில் சார்கோபீனியா என்று பெயர். 1980களின் கடைசியில்தான் இதற்குப் பெயரே வைத்தார்கள். அதுவரை உலகம் முழுக்க, நான் சொன்ன மாதிரியே, வயசாகுது என்று விட்டுவிட்டார்கள்.

கைப்பிடி பலத்தை அளக்க ஒரு சின்னக் கருவி உண்டு. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைச் சராசரியாக நாலு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2015ல் வந்தது. பிடி 5 கிலோ குறைந்தவர்களிடையே இறப்பு 16 சதவீதம் கூடுதல். ரத்த அழுத்தத்தின் மேல் அளவைவிடக் கைப்பிடி நன்றாக முன்னறிவித்தது. கை பலம் குறைந்தால் ஆயுள் முடிந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மொத்த உடம்பு எப்படி இருக்கிறது என்பதைக் கை காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மத்திய அரசு 2017-18ல் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானோரிடம் நடத்திய முதியோர் கணக்கெடுப்பிலும், எடை உயரத்தோடு கைப்பிடி, இடுப்புச் சுற்றளவு, நடை வேகம் எல்லாம் அளந்தார்கள். ஊறுகாய் பாட்டில் மூடி எங்கள் வீட்டில் சொன்ன சேதியை நான் காதில் வாங்கவில்லை.

இப்போது மிஷின் விஷயத்துக்கு வருகிறேன்.

மார்ச்சில் நம் கிளப் ஹவுஸில் ஒரு இலவச முகாம் நடந்தது ஞாபகம் இருக்கும். மிஷின் மேல் வெறுங்காலோடு நிற்க வைத்து, ஒரு ரசீது மாதிரி அடித்துக் கொடுத்தார்கள். கொழுப்பு இத்தனை, தசை இத்தனை, கடைசியில் 'உடலின் வயது' 78. சி பிளாக்கில் 66 வயது அம்மா ஒருவர் அதைப் பார்த்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. முகாம் முடியும்போது பவுடர் டப்பா விற்பனை. எத்தனை டப்பா போனது என்று நமக்கு எல்லாம் தெரியும். நானும் ஒன்று வாங்கினேன்.

அந்த மிஷின் செய்வது இதுதான். காலிலிருந்து மிக மெல்லிய மின்சாரத்தை உடம்புக்குள் அனுப்பும். தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடுக்கும். அந்தத் தடையை மட்டும்தான் மிஷின் அளக்கிறது. மீதி எல்லாம், நாம் கொடுத்த வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்பதை வைத்து கம்பெனி போட்ட சூத்திரம். என் மகள் வாங்கிக் கொடுத்த வீட்டு மிஷினில் நானே சோதித்துப் பார்த்தேன். 67 வயது என்பதை 40 என்று மாற்றினேன். ஒரே நிமிடத்தில் கொழுப்பு மூன்று சதவீதம் குறைந்தது! காலையிலும் சாயங்காலமும் ஏறி நின்றால் இரண்டு சதவீதம் மாறுகிறது. தண்ணீர் குடித்தது, சாப்பிட்டது, வியர்த்தது, காலில் வீக்கம் எல்லாமே அதைப் பாதிக்கும். 'உடலின் வயது' என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு கணக்கு. அதைப் பார்த்துச் சாப்பாட்டை விடாதீர்கள்.

மிஷின் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரே மிஷினில், காலையில் வெறும் வயிற்றில், பாத்ரூம் போய் வந்தபின், மாதம் ஒரு தடவை பார்த்தால், எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சுமாராகத் தெரியும். இன்றைய ஒரு எண்ணை வேதவாக்காக எடுக்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே வேண்டாம். துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. எலும்பு அடர்த்தி பார்க்கப் பெரிய மருத்துவமனைகளில் வைத்திருப்பது அதுதான். டாக்டர் சொன்னால் எடுக்கலாம். எல்லோருக்கும் தேவையில்லை.

நமக்கு வீட்டிலேயே நாலு அளவுகள் போதும். ஒரு தையல் டேப், ஒரு நாற்காலி, செல்போனில் ஸ்டாப் வாட்ச். நாற்காலிக்கும் நடைக்கும் கெண்டைக்காலுக்கும் நான் சொல்லும் எல்லைகள், ஆசிய நாடுகளின் சார்கோபீனியா நிபுணர் குழு 2019ல் சொன்னவை.

முதலில் வயிறு. விலா எலும்பின் கடைசிக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வேட்டி கட்டும் இடத்தில் அளந்து தப்பிக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. இன்னும் சுலபம், வயிறு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 164 செ.மீ. உயரத்துக்கு 82. எனக்கு 96.

இரண்டாவது கெண்டைக்கால். உட்கார்ந்து, பருத்த இடத்தில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழே, பெண்களுக்கு 33க்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. கால் வீக்கம் இருப்பவர்களுக்கு இது ஏமாற்றும்.

மூன்றாவது நாற்காலி. கை இல்லாத, நகராத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை முழுதாக எழுந்து உட்காருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் பலம் கவனிக்கப்பட வேண்டும். பக்கத்தில் கட்டாயம் ஒருவர் நிற்கட்டும். மூட்டு மாற்றியவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நாலாவது நடை. நம் வராந்தா டைல்ஸ் இரண்டடி. பத்து டைல்ஸ் ஏறக்குறைய ஆறு மீட்டர். வழக்கமான நடையில் அதைக் கடக்க ஆறு விநாடிக்கு மேல் ஆனால் வேகம் குறைவு என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு அப்போது எட்டு விநாடி.

இதில் ஏதாவது எல்லையைத் தாண்டினால் பயப்பட வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் குறைபாடு, வேறு நோய் இருந்தாலும் தசை கரையும். முயற்சி செய்யாமலே எடை குறைந்தால் அதை ஒருபோதும் சந்தோஷச் செய்தியாக எடுக்காதீர்கள். உடனே டாக்டரைப் பாருங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் கணக்கில் எந்த வயதிலும் டெபாசிட் போடலாம். 1990ல் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் முழுதாக முடித்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 90 வயதில்! நாம் எல்லாம் அவர்களுக்குப் பேரன் பேத்திகள் மாதிரி.

எடை குறைக்கிறவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். 2017ல் அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட, பருமனான 160 பேரிடம் ஆராய்ந்தார்கள். எடை குறைப்போடு நடை மாதிரிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை 5 சதவீதம் குறைந்தது. பளு தூக்கியவர்களுக்கு 2 சதவீதம், இரண்டும் செய்தவர்களுக்கு 3 சதவீதம். அன்றாடக் காரியங்களைச் செய்யும் திறன் அதிகம் கூடியது இரண்டும் செய்தவர்களுக்குத்தான்.

கூட்டத்தில் டி பிளாக் சார் ஒருவர் கேட்டார், "நான் தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கறனுங்க, போதாதா?" இருதயத்துக்கு நல்லது சார், விடாதீர்கள். ஆனால் அது பாதிக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது இது: வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி, 65க்கு மேல் வாரம் மூன்று நாள் நிலை தடுமாறாமல் இருக்கப் பயிற்சி. நாம் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு நடந்துகொண்டே இருக்கிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்துச் செய்வதைச் சொல்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்துத் தடவை, இடைவெளி விட்டு இன்னொரு பத்து. ஆரம்பத்தில் தலையணை போட்டு உயரமாக்கிக்கொண்டோம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்கி இறக்குவது. சுவரில் கை ஊன்றித் தண்டால். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குவது. சுவர் ஓரம் ஒற்றைக் காலில் பத்து விநாடி. தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, விட வேண்டும். சுலபமாகிவிட்டால் கொஞ்சம் கூட்ட வேண்டும். சுலபமாகவே செய்துகொண்டிருந்தால் தசைக்கு வளர வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது சாப்பாடு. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 63 கிலோவுக்குக் குறைந்தது 63 கிராம். நான் போட்ட அட்டவணையைக் கூட்டிப் பார்த்தேன். சுமார் 20 கிராம். மூன்றில் ஒரு பங்கு. சொந்த வீட்டிலேயே ரேஷன் வெட்டியிருக்கிறேன்.

இப்போதைய கணக்கு இப்படி. முட்டை இரண்டு, 12 கிராம். அரிசிம்பருப்பு சாதத்திலோ சாம்பாரிலோ பருப்பு ஐம்பது கிராம், அதில் 11. கொள்ளு அல்லது பச்சைப்பயறு ஒரு பிடி, 7. பாலும் தயிருமாக இரண்டு டம்ளர், 13. நிலக்கடலை ஒரு கை, 7. சோறு, இட்லியிலிருந்து 13. மொத்தம் 63. முட்டை சாப்பிடாதவர்கள் பன்னீரோ கொண்டைக்கடலையோ சேர்த்துக்கொள்ளலாம். பவுடர் டப்பா இல்லாமலே கணக்கு நேராகிவிட்டது. கிட்னி தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். நம்மில் பல பேர் ஒரே சமயத்தில் கையில் காலில் இளைத்தும் வயிற்றில் கொழுத்தும் இருக்கிறோம். கொள்ளு இரண்டு பேருக்கும் ஆகும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். போன கூட்டத்தில் நம் ஜிம்முக்கு அந்த மாதிரி மிஷின் ஒன்று வாங்க வேண்டும் என்று தீர்மானம் கொடுத்தவன் நான்தான். ஒரு லட்சத்துக்கு மேல் கொட்டேஷனும் வாங்கி வைத்தேன். அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பணத்தில் ஒரு பகுதியில் முதலில் பி பிளாக் படிக்கட்டுத் திருப்பத்தில் கைப்பிடிக் கம்பியை முழுதாகப் போட்டுக் கொடுங்கள். கிளப் ஹவுஸில் கை இல்லாத உறுதியான நாற்காலி நாலு, சுவர் ஓரம். நடைபாதையில் ஆறு மீட்டருக்கு இரண்டு கோடு. வாரம் இரண்டு மணி நேரம் ஒரு பிசியோதெரபிஸ்ட், அதற்கு நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்ளத் தயார். இனி எந்த இலவச முகாம் வந்தாலும், பொருள் விற்பார்களா என்று கமிட்டி எழுத்தில் கேட்ட பிறகே அனுமதி. டிரஷரர் சார் அடுத்த கமிட்டியில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் கருத்தை அதற்குள் எழுதிக் கொடுங்கள்.

எங்கள் வீட்டு நிலவரம் கேட்டீர்கள். ஏழு மாதம் ஆகிறது. நாற்காலி 19 விநாடியிலிருந்து 13க்கு வந்திருக்கிறது. 12க்குள் இன்னும் வரவில்லை. பத்து டைல்ஸ் ஆறு விநாடி. வயிறு 91லிருந்து 87. எடை 63லிருந்து 64.5க்கு ஏறியிருக்கிறது. முன்பெல்லாம் எடை ஏறினால் சிவப்பு மையில் எழுதுவேன். இந்த ஒன்றரை கிலோவை நீல மையில் எழுதியிருக்கிறேன். என் நாற்காலிக் கணக்கு 11 விநாடி. ஊறுகாய் பாட்டிலைப் போன வாரம் அவரே திறந்துவிட்டார். "ஏனுங்க, இதையும் நோட்டுல எழுதிக்குங்க" என்றார். எழுதியிருக்கிறேன். இப்போது அதற்கும் ஒரு பத்தி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு கிளப் ஹவுஸில் டேப்போடும் நாற்காலியோடும் இருப்போம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட்டி வாருங்கள். எடை மிஷின் கொண்டு வர வேண்டாம்.